தாடைக்குக் கீழே

அந்த வருஷம் ஆடிக் காற்று ஆனி பாதியிலேயே பிடித்துக்கொண்டது. வீரபாண்டிப் பிரிவில் பஸ்ஸை விட்டு இறங்கி கம்பெனி கேட்டுக்கு நடந்து வருவதற்குள் கண்ணிலும் மூக்கிலும் மண் அடித்துவிடும். பனியன் கம்பெனிப் பெண்கள் முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு, முன்னால் குனிந்து, காற்றை முட்டித் தள்ளிக்கொண்டு வருவார்கள். சாரதாமணியால் அன்றைக்கு முந்தானையைக் கவ்வ முடியவில்லை. வாயைத் திறக்கவே வலித்தது.

கீழ்வரிசையில் கடைசிக் கடைவாய்ப் பல். பத்து நாளாகப் படுத்துகிறது. கிராம்பு வைத்துப் பார்த்தாள். உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள். மருந்துக் கடையில் சொல்லி வாங்கிய மாத்திரையைப் போட்டால் நாலு மணி நேரம் வலி ஒதுங்கி நிற்கும். அந்த நாலு மணி நேரத்தில் முந்நூறு பனியனுக்குக் கழுத்துப் பட்டி வைத்துவிடுவாள். இருபத்திரண்டு வருஷமாக மெஷினில் உட்கார்ந்த கை. அதில் ஒன்பது வருஷம் இந்தக் கம்பெனியில், இதே ஓவர்லாக் மெஷினில். ஊசி எப்போது உடையும் என்பது மெஷின் சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். பல்லின் சத்தம்தான் அவளுக்குக் கேட்கவில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை. லைன் கடைசியில் செக்கிங் டேபிளில் நிற்கிற ரோஸ்மேரிதான் முதலில் பார்த்தாள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து பன்னிரண்டு வருஷமாகியும் அவள் பேச்சு மட்டும் இன்னும் பஸ் ஏறி வரவில்லை.

"யக்கா, தாடைக்குக் கீழ என்னது அது? எலுமிச்சங்கா கணக்கா நிக்கி?"

சாரதாமணி தொட்டுப் பார்த்தாள். காலையில் முகம் துடைத்தபோது நெல்லிக்காய் அளவுதான் இருந்தது. இப்போது நாடிக்கு அடியில் அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வரைக்கும் பரவி, அழுத்தினால் அமுங்காமல் கட்டை மாதிரி இருந்தது.

"பல்லு வீக்கம் எறங்கியிருக்குது."

"எறங்கியிருக்கா? டாக்டர்ட்ட போங்க முதல்ல."

சாரதாமணி எழுந்து போய் ஃப்ளோர் இன்சார்ஜ் அருள்செல்வனிடம் நின்றாள். பத்து வயது இளையவன். கையில் போனும் தலைக்குள் ஷிப்மென்ட்டுமாக நடந்துகொண்டே இருப்பவன்.

"சார், ரெண்டு மணி நேரம் பர்மிஷன் குடுத்தீங்கன்னா பல்லு டாக்டரைப் பாத்துட்டு வந்தர்றனுங்க."

"அக்கா, வெள்ளிக்கிழமை கன்டெய்னர் கெளம்புதுங்க. கழுத்து வெக்கிறதுக்கு உங்களை உட்டா ஆள் கெடையாது. ஒரு மாத்திரையப் போட்டு அது வரைக்கும் சமாளிங்க. சனிக்கிழமை நானே வண்டில கூட்டிட்டுப் போறனுங்க."

மரியாதையாகத்தான் சொன்னான். மரியாதையாகச் சொன்னால் மறுக்க முடியாத பழக்கம் அவளுக்கு. திரும்பிப் போய் உட்கார்ந்தாள். அன்றைக்கு எழுந்து போகாதது தன்னுடைய தப்புதான் என்று பிற்பாடு அவளே எல்லோரிடமும் சொல்வாள். "அவரு புடிச்சா கட்டிவெச்சாரு? நாந்தேன் உக்காந்தேன்."

புதன்கிழமை காலையில் முகமே மாறியிருந்தது. இரண்டு பக்கத் தாடைக்கும் கீழே வீங்கி, கழுத்தும் நாடியும் ஒன்றாகியிருந்தன. உடம்பு கொதித்தது. புருஷன் வேல்குமார் துணி பண்டல் ஏற்றுகிற டெம்போ ஓட்டுபவன். வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் அறைக்கும் நடந்தான். எதையும் தானாக முடிவு செய்கிற பழக்கம் அவனுக்கில்லை. பக்கத்து வீட்டிலிருக்கும் அக்கா சுப்புலட்சுமியைக் கூப்பிட்டான். தாய் போன பிறகு அவனை எடுத்து வளர்த்தவள் அவள்தான்.

சுப்புலட்சுமி வந்து பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"முருகா! இது பொன்னுக்கு வீங்கியல்லொ! எங்க சின்னவனுக்கு இப்பிடித்தேன் வந்துது. மூணே நாளு. தங்கத்தப் போட்டா தானா வடிஞ்சுரும்."

தன் கழுத்திலிருந்த சங்கிலியைக் கழற்றி சாரதாமணியின் கழுத்தில் போட்டாள். சந்தனமும் மஞ்சளும் குழைத்து வீக்கத்தின் மேல் அப்பினாள். அந்த வீக்கத்தில் சங்கிலி தொங்கவில்லை. சதைக்குள் பதிந்து கிடந்தது.

"நங்கையா, எனக்குப் பல்லு வலிதானுங்க மொதல்ல…" என்றாள் சாரதாமணி நாத்தனாரிடம்.

"அதெல்லாம் அதுல சேந்ததுதேன் அம்மிணி. ஊட்ட உட்டு வெளிய போகாத. காத்துப் படப்படாது. ஊசி கீசி போட்டீன்னா உள்ளுக்குள்ள எறங்கிக்கும்."

"அக்கா சொல்றது சரியாத்தேன் இருக்கும்," என்றான் வேல்குமார். பிளஸ் டூ படிக்கிற மகள் யாழினி, "அம்மா, பொன்னுக்கு வீங்கி மாதிரித் தெரியலியே, நெட்ல வேற மாதிரிப் போட்டிருக்குது" என்று போனை நீட்டினாள். அத்தை அதட்டியதும் ஸ்கூல் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று மதியம் அரிசிம்பருப்புச் சோற்றைக் குழையக் கரைத்து ஊட்டினார்கள். ஒரு வாய் இறங்கவில்லை. சோறு நாக்கின் மேலேயே நின்றது. விழுங்கப் பார்த்தால் காது வரைக்கும் கம்பியால் இழுத்த மாதிரி வலி. படுத்தால் மூச்சு முட்டியது. எழுந்து சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே விடிந்தது.

வியாழக்கிழமை எட்டு மணிக்கு ரோஸ்மேரி கம்பெனிக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த சாரதாமணியின் மடியில் ஒரு துண்டு. அது முழுக்க நனைந்திருந்தது. எச்சிலை விழுங்க முடியாமல் ஒழுகவிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா செய்யுது?"

சாரதாமணி ஏதோ சொன்னாள். வாய் நிறைய வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு பேசுகிறவர் குரல் மாதிரி வந்தது. ஒரு சொல்லும் பிரியவில்லை. மூச்சு விடும்போது தொண்டையில் மெல்லிய விசில் சத்தம்.

ரோஸ்மேரி சோத்துப் பையைத் தரையில் வைத்தாள். "அண்ணாச்சி, ஆட்டோவக் கூப்புடுங்க."

"மூணு நாள்ல வடிஞ்சுரும்னு அக்கா…" என்று வேல்குமார் தொடங்கினான்.

"மூணு நாளா? இன்னைக்குப் பொழுது தாங்குமான்னு பாருங்க. மூச்சு கேக்கலியா ஒங்களுக்கு? நாக்க நீட்டச் சொல்லுங்க, நீட்டுதாவளான்னு பாப்போம்."

சாரதாமணி நாக்கை நீட்டப் பார்த்தாள். நீளவில்லை. அடியிலிருந்து எதுவோ தூக்கி, மேலண்ணத்தோடு ஒட்டி நின்றது.

சுப்புலட்சுமி உள்ளே வந்தாள். "நீ யாரம்மா காலங்காத்தால வந்து அபசகுனமாப் பேசறது? எங்க ஊட்டுப் பொம்பளையப் பாக்க எங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா ஏன் பெரியம்மா இப்படி ஒக்கார வச்சிருக்கிய?"

பேச்சு ஏறியது. வேல்குமார் இருவருக்கும் நடுவில் நின்று "சத்தம் போடாதீங்க, சத்தம் போடாதீங்க" என்றான். அவர்கள் மூன்று பேரும் பேசிக்கொண்டிருப்பதை சாரதாமணி கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒவ்வொரு மூச்சும் முந்தினதைவிடச் சின்னதாக வந்தது. இவர்கள் பேசி முடிப்பதற்குள் தான் முடிந்துபோவோம் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது.

எழுந்தாள். கழுத்துக்குப் பின்னால் கையை விட்டுச் சங்கிலியின் கொக்கியைக் கழற்றினாள். அதை நங்கையாளின் கையில் வைத்து விரல்களை மூடினாள். செருப்பைப் போட்டுக்கொண்டு, துண்டை வாயில் பொத்திக்கொண்டு, தெருவில் இறங்கி நடந்தாள். ரோஸ்மேரி பின்னால் ஓடினாள். காற்று முகத்தில் மண்ணை அடித்தது. முக்கில் ஆட்டோ நின்றது.

அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்குகிற வரிசையைத் தாண்டி ரோஸ்மேரி அவளை நேராக உள்ளே இழுத்துப் போனாள். "வரிசைல வாங்கம்மா" என்றவரிடம், "இவுகளுக்கு மூச்சு வரிசைல வரலய்யா" என்றாள். உள்ளே இருந்த டாக்டர் கலைமகள் மடத்துக்குளத்துக்காரர். முப்பது வயதிருக்கும். தாடைக்கடியில் இரண்டு விரலால் ஒரு தடவை அழுத்தினார். வாயைத் திறக்கச் சொன்னார். ஒரு விரல்கடைதான் திறந்தது. அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"எத்தனை நாளாப் பல்லு வலிங்க?"

சாரதாமணி பத்து விரலையும் காட்டி, மேலே இரண்டு விரலைக் காட்டினாள்.

"பல்லோட வேர்ல இருந்த கிருமி தாடைக்குக் கீழ இருக்கற சதைக்குள்ள எறங்கி, ரெண்டு பக்கமும் பரவிருச்சுங்க. அது நாக்கை மேல தூக்குது, பின்னாடி தள்ளுது. மூச்சுக்குழாய் அடைபடறதுக்கு அதிக நேரம் ஆகாதுங்க. படுக்க வேண்டாம், இப்பிடியே உக்காந்திருங்க." நர்ஸ் பக்கம் திரும்பி நாலைந்து உத்தரவு போட்டார். கையில் ஊசி ஏறியது, மருந்து ஓடியது, விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். முந்நூற்று நாற்பது. அப்படி ஒன்று உடம்பில் இருப்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அதற்குள் வேல்குமாரும் சுப்புலட்சுமியும் வந்துவிட்டார்கள். கலைமகள் ஒரு தாளை எடுத்து வைத்தார்.

"வாய் வழியாக் குழாய் விட முடியாதுங்க. கழுத்துக்குழில சின்னதா ஒரு துளை போட்டு அதுல குழாய் வெக்கோணும். அப்புறம் தாடைக்கடில கீறி இறுக்கத்தை வெளிய விடோணும். பல்லையும் எடுத்தர்றோம். இதுக்குச் சம்மதக் கையெழுத்து வேணுங்க."

வேல்குமாரின் முகம் வெளுத்தது. "கழுத்துல ஓட்டைங்களா? மருந்துலயே கரைக்க முடியாதுங்களா? கோயமுத்தூர் வேணா கூட்டிட்டுப் போயிரட்டுங்களா?"

"போற வழில மூச்சு நின்னா வண்டிக்குள்ள ஒண்ணும் செய்ய முடியாதுங்க."

"தம்பி, அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டறாத," என்றாள் சுப்புலட்சுமி. "பொம்பளை கழுத்த அறுக்கறதுன்னா சும்மாவா? பேச்சு போயிருச்சுன்னா? ஊட்டுல ஒரு பொண்ணு இருக்குது. நாளைக்குப் பொண்ணு பாக்க ஒறம்பரை வந்தா என்ன சொல்றது? சோசியரை ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு…"

வேல்குமார் பேனாவை வாங்கினான். தாளின் மேல் வைத்தான். எடுத்தான். அக்காவைப் பார்த்தான்.

சாரதாமணி மேஜையை ஓங்கி அறைந்தாள். மருந்துத் தட்டு குதித்தது. எல்லோரும் திரும்பினார்கள். அவள் டாக்டரை நோக்கிக் கையை நீட்டி, தன் நெஞ்சில் தட்டிக் காட்டினாள்.

"நீங்களே போடறீங்களா? போடலாமுங்க. உங்களுக்கு நினைவு இருக்குது, அது போதும். நான் சொன்னது அத்தனையும் புரிஞ்சுதுங்களா?"

தலையாட்டினாள். புருஷன் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினாள். எச்சில் தாளில் சொட்டியது. துண்டால் ஒற்றிவிட்டு, கு. சாரதாமணி என்று, அப்பன் குமாரசாமியின் எழுத்தை முன்னால் போட்டு, ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள். பிறகு யாரையும் பார்க்காமல் தள்ளுநாற்காலியில் தானே போய் உட்கார்ந்தாள்.

முழு மயக்கம் கொடுக்கவில்லை. கொடுத்தால் மூச்சு நின்றுவிடும் என்றார்கள். சாய்த்து உட்கார வைத்து, கழுத்தில் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டார்கள். கலைமகள் காதருகே சொல்லிக்கொண்டே செய்தார். "இப்ப அழுத்துமுங்க. கொஞ்சம் இருமல் வரும். கையப் புடிச்சுக்கங்க." யாரோ ஒரு நர்ஸின் கையை அவள் நெரித்தாள். காற்று ஒரு நூலளவுக்கு வந்தது. அப்புறம் அதுவும் வரவில்லை. விளக்கு மங்கியது. யாழினியின் முகம் வந்தது. அவ்வளவுதானா என்று நினைத்தாள். அப்படி நினைத்ததும் அந்தக் கோபம் திரும்பி வந்தது; நர்ஸின் கையை இன்னும் இறுக்கினாள். சட்டென்று கழுத்துக்கடியில் புஸ்ஸென்று ஒரு சத்தம். வாயும் மூக்கும் இல்லாமல், கழுத்துக்குழியிலிருந்து நேராக நெஞ்சுக்குள் காற்று இறங்கியது. குளிர்ந்த காற்று. முந்தின நாளிலிருந்து இல்லாத காற்று. அதற்குப் பிறகுதான் மயக்க மருந்து கொடுத்தார்கள்.

விழித்தபோது கழுத்தில் குழாய், மூக்கில் இன்னொரு குழாய், தாடைக்கடியில் கட்டு. பேச வராது, குழாய் எடுத்த பிறகு வரும் என்று நர்ஸ் சொன்னாள். யாழினி தன் ரஃப் நோட்டைக் கொடுத்தாள். சாரதாமணி முதலில் எழுதியது: "பல்லு எங்க?"

"தூக்கிப் போட்டுட்டாங்களாம்மா," என்று மகள் அழுதுகொண்டே சிரித்தாள்.

நாலாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். வேல்குமார் டெம்போவுக்கு ஆள் போட்டுவிட்டுக் கூடவே இருந்தான். குழாயில் சேரும் சளியை நர்ஸ் உறிஞ்சி எடுக்கும்போது, பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகக் கவனித்தான். ஒரு மத்தியானம், யாரும் இல்லாதபோது, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"நா போட்டிருக்கோணும் புள்ள. எனக்குக் கை வரல."

அவள் நோட்டை எடுத்தாள். சமாதானமாக ஏதாவது எழுதலாம். எழுத மனம் வரவில்லை. "ஆமா. போட்டிருக்கோணும்" என்று எழுதிக் காட்டினாள். அவன் படித்துவிட்டுத் தலையாட்டினான். எழுந்து போய் அவள் துண்டைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு வந்தான்.

சுப்புலட்சுமி தினமும் வந்தாள். உள்ளே வராமல் வார்டு வாசலிலேயே நிற்பாள். ஆறாம் நாள் கட்டிலுக்கு வந்து, "நா என்னத்தக் கண்டேன் அம்மிணி? எனக்குத் தெரிஞ்சதச் செஞ்சேன்" என்றாள். சாரதாமணி அவள் கையைத் தொட்டாள். அவளிடம் வம்புக்கு ஒன்றுமில்லை, தெரியாமல் செய்தவள்.

தெரிந்து செய்கிறவன் ஏழாம் நாள் வந்தான். அருள்செல்வன் கையில் ஆரஞ்சுப் பழமும் ஒரு கவரும் இருந்தன. மூக்குக் குழாயில் கஞ்சி போகிறவளுக்கு ஆரஞ்சு. ஸ்டூலில் உட்கார்ந்து தரையைப் பார்த்தான்.

"அக்கா, மனசுக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சுங்க. இவ்வளவுன்னு தெரியலீங்க. ஆபீஸ்ல ஒரு லெட்டர் குடுத்துவிட்டாங்க. சும்மா ஃபார்மாலிட்டிதானுங்க. ஒரு கையெழுத்து. நீங்க நல்லா ரெஸ்ட் எடுத்துட்டு, உடம்பு தேறினப்புறம் புதுசாவே சேந்துக்கலாமுங்க."

அவள் கவரைப் பிரித்தாள். எனது சொந்தக் காரணங்களை முன்னிட்டு வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று அச்சடித்திருந்தது. தேதி செவ்வாய்க்கிழமை தேதி. அவள் பர்மிஷன் கேட்ட நாள். அன்றைக்கு மாலை வரைக்கும் அவள் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். தாளின்படி அன்றைக்கே அவள் போய்விட்டாள். புதிதாகச் சேர்ந்தால் போன ஒன்பது வருஷக் கணக்கும் கூடவே போய்விடும்.

இரண்டு தடவை படித்தாள். பேனாவைக் கேட்டாள். அருள்செல்வன் நிம்மதியோடு எடுத்து நீட்டினான். அவள் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினாள்: "செவ்வாய்க்கெழமை நா வேலை செஞ்சேன். டாக்டர் சீட்டு அனுப்பறேன். லீவு முடிஞ்சதும் வருவேன்."

"அக்கா, இது வந்துங்க…"

வேல்குமார் எழுந்தான். தாளை மடித்து, கவருக்குள் போட்டு, அருள்செல்வன் மடியில் வைத்தான்.

"என்ற ஊட்டுக்காரி எழுதிட்டாளுங்க. கொண்டுபோய்க் குடுங்க. பழத்தையும் எடுத்துக்கங்க."

பத்தாம் நாள் கழுத்துக் குழாயை எடுத்தார்கள். கலைமகள் ஓட்டையின் மேல் பஞ்சை வைத்து, விரலால் அழுத்தச் சொல்லி, "ஏதாச்சும் பேசுங்க பாக்கலாம்" என்றார். கரகரவென்று, துருப்பிடித்த கதவு மாதிரி வந்தது.

"பசிக்குதுங்க."

ஆவணி பிறந்து இரண்டாவது வாரம் வேலைக்குப் போனாள். கழுத்துக்குழியில் காலணா அளவு வட்டத் தழும்பு. தாடைக்கடியில் விரல் நீளத்துக்கு இன்னொன்று, சிவந்து தடித்திருந்தது. கிளம்பும்போது சுப்புலட்சுமி ஒரு துப்பட்டாவைக் கொண்டுவந்து நீட்டினாள். "காத்துக்குத்தேன் அம்மிணி." வாங்கி மடித்துக் கொடியில் போட்டுவிட்டு இறங்கினாள்.

அவள் மெஷினில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண்ணின் தப்பா அது? சாரதாமணி பக்கத்தில் போய் நின்றாள். பத்து நிமிஷம், கால் மணி நேரம், நின்றுகொண்டே இருந்தாள். லைனில் எல்லோரும் தைத்துக்கொண்டே இந்தப் பக்கம் பார்த்தார்கள். ரோஸ்மேரி செக்கிங் டேபிளில் பனியனைத் திருப்பிப் போட்டபடி, "பீஸ் ஒண்ணும் வரலியே, என்ன சார் லைன் தூங்குது?" என்று உரக்கக் கேட்டாள். அருள்செல்வன் வந்தான்.

"அக்கா, உங்களுக்குப் பின்னாடி பேக்கிங்ல லேசான வேலையாப் போட்டிருக்குதுங்க."

"எனக்குக் கழுத்து வெக்கிற வேலைதானுங்க தெரியும். டாக்டர் ஃபிட்னெஸ் சீட்டு ஆபீஸ்ல குடுத்தாச்சு. ஒன்பது வருஷம் ரிஜிஸ்டர்ல பேரு இருக்குது. அந்தப் பொண்ணுக்கு நாலாவது மெஷின் காலியா இருக்குதுங்க."

அருள்செல்வன் ஆபீஸ் அறையைத் திரும்பிப் பார்த்தான். கண்ணாடிக்குள்ளிருந்து யாரும் வரவில்லை. அந்தப் பெண் தானாகவே கத்தரியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சாரதாமணி உட்கார்ந்து, நூலை இழுத்துக் கோத்து, மிதியை மெல்ல அழுத்திப் பார்த்தாள்.

அவன் குனிந்து தணிந்த குரலில் சொன்னான்: "பதினோரு மணிக்குச் சரக்கு வாங்கற வெளிநாட்டு பையர் ஃப்ளோருக்கு வர்றாங்க. கம்பெனிக் கோட்டுப் பட்டனைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கங்க. பாக்கறவங்க பயந்துக்குவாங்க."

"வேர்க்குமுங்க," என்றாள். போடவில்லை.

பத்தரைக்கு டீ பிரேக். பத்து நிமிஷம். ஷெட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பெண்கள் டம்ளரும் பன்னுமாகச் சூழ்ந்துகொண்டார்கள். முதலில் தழும்பைத் தொட்டுப் பார்த்தார்கள். அவள் கழுத்தை நிமிர்த்திக் காட்டினாள். பல்லிலிருந்துதான் வந்தது என்றாள். சர்க்கரை இருப்பதே தெரியாமல் இருந்தேன் என்றாள். தாடைக்கடியில் கல்லு மாதிரி ஆனாலோ, நாக்கு தூக்கினாலோ, எச்சில் விழுங்க முடியாவிட்டாலோ, யாரையும் கேட்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னாள்.

பிசிர் வெட்டுகிற கருத்தம்மா கன்னத்தில் கை வைத்தபடி கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்தாள். ஐம்பது தாண்டியவள்.

"அக்கா, இங்க வாங்க. வாயத் தொறங்க," என்றாள் சாரதாமணி.

"எனக்கு ஒண்ணுமில்ல தாயி. சும்மா கூச்சம்தான்."

"எனக்கும் சும்மாதானுங்க இருந்துது. தொறங்க."

ரோஸ்மேரி போன் விளக்கைப் பிடித்தாள். ஈறு புடைத்து, வேர்ப்பக்கம் மஞ்சளாகக் கட்டியிருந்தது. சாரதாமணி தாடைக்கடியில் இரண்டு விரலால் அழுத்தினாள். இன்னும் மெத்தென்றுதான் இருந்தது.

"நாளைக்கு எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நில்லுங்க. நானும் வர்றேன்."

"லீவு தரமாட்டாகளே தாயி."

"நாம அவிய கிட்டக் கேக்கப் போறதில்லீங்க. சொல்லப் போறோம்."

அதைக் கேட்டதும் இன்னொருத்தி டம்ளரைக் கீழே வைத்தாள். "எனக்கும் ரெண்டு மாசமா ஒரு பல்லு ஆடுதுங்க." ஒடிசாப் பெண் ஒருத்தி பாஷை தெரியாமல் கன்னத்தைச் சுட்டிக்காட்டி வாயைத் திறந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. தானாக ஒரு வரிசை சேர்ந்துவிட்டது.

பெல் அடித்தது. யாரும் நகரவில்லை. மெஷின்கள் ஓடாத அமைதியைக் கேட்டு அருள்செல்வன் வேகமாக வந்தான்.

"என்னங்க இது! பெல் அடிச்சு அஞ்சு நிமிஷமாச்சு. பையர் வர்ற நேரமுங்க. காதுல விழலீங்களா?"

சாரதாமணி திரும்பாமல், ஒடிசாப் பெண்ணின் தாடையை வெளிச்சத்துக்கு நிமிர்த்தினாள்.

"விழுந்துதுங்க சார். இன்னும் ரெண்டு வாய் பாக்கோணும். பாத்துட்டு வர்றோம்."